ஒரே சந்தாதாரருக்கு ஒரு விலையேற்றக் கடிதம்

1

இந்தக் கதை ஒரு கடிதத்தில் தொடங்கியது. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். அதனால் நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் கதை நிற்கவில்லை.

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. பெட்டியின் மேல் எந்த எழுத்து எந்த இடத்தில் வரவேண்டும் என்று கணினியில் அமைத்துக் கொடுப்பேன். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கதை எழுதுவேன். இந்த இரண்டாவது சங்கதி தெரிந்த மிகச் சிலரில் தரணீதரன் ஒருவர். கம்பெனிகளுக்குப் பார்கோடு மென்பொருள் போட்டுக் கொடுப்பவர். ஸ்டிக்கர் அளவு கேட்க எங்கள் அச்சகத்துக்கு வருவார், கேட்டுக்கொண்டு போவார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

போன ஆனி மாதம் ஒரு நாள் மத்தியானம் வந்தவர், ஸ்டிக்கர் அளவைக் கேட்ட பிறகும் கிளம்பவில்லை.

“அண்ணா, ஒரு லெட்டர் எழுதித் தரோணுமுங்க. நல்ல தமிழ்ல. படிக்கறவங்க மனசு நோகக் கூடாது.”

“என்ன லெட்டர்?”

“வெலை ஏத்தறமுங்க. மாசச் சந்தா தொண்ணூத்தொம்பதா இருந்தது, இனிமேலு நானூத்தித் தொண்ணூத்தொம்பது.”

“எத்தன பேருக்குப் போவுது?”

என் மேசையில் கிடந்த ஒரு மாதிரிப் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒருத்தருக்குங்க” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ‘அன்பார்ந்த சந்தாதாரர்களே’ என்று ஆரம்பித்தேன். பன்மையை வேண்டுமென்றேதான் போட்டேன். தான் ஒருவர்தான் மிச்சம் என்பது அந்த ஒருவருக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். [அதைக் கருணை என்று அப்போது நம்பினேன். இப்போது யோசித்தால்—]

2

கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. திருப்பூரின் தையல் மெஷின்கள் எல்லாம் ஓய்ந்திருந்த அந்த வேளையில், தரணீதரனின் அறையில் ஒரு பகடை உருண்டது—’

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். பகடை கணினித் திரையில்தான் உருளும், அதற்குச் சத்தம் கிடையாது. ஷிப்மென்ட் நெருங்கினால் மெஷின்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும்.

இரண்டாவது தொடக்கம்:

‘தரணீதரனுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதனால்—’

இதில் அந்த ‘அதனால்’தான் தப்பு. எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் இவர் செய்ததைச் செய்யவில்லை.

சரி, நேராகவே சொல்கிறேன். தரணீதரன் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறார். அவருடைய அண்ணன் செங்கோட்டையனுக்குப் பெருமாநல்லூரில் கம்பெனி. அம்மா அண்ணனோடு இருக்கிறார். ஞாயிறு மத்தியானம் தரணீதரன் அங்கே சாப்பிடப் போவார். சாப்பாட்டு மேசையில் பேச்சு முழுக்க ஆர்டர், நூல் விலை, ஆள் பற்றாக்குறை. யாரும் அவரை ஒதுக்குவதில்லை. யாரும் அவரிடம் எதுவும் கேட்பதுமில்லை. மூன்றரைக்கெல்லாம் கிளம்பி வந்துவிடுவார்.

நான்கு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும். ஏன் என்று அண்ணன் வீட்டில் யாருக்கும் தெரியாது.

3

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ‘நீங்கள் ஒரு காட்டுக்கு வந்திருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?’ என்று கதைசொல்லி கேட்பார். ‘நான் மரத்தில் ஏறிப் பார்க்கிறேன்’ என்று ஒருவர் சொல்வார். ஏற முடிந்ததா, வழுக்கி விழுந்தாரா என்பதைப் பகடை சொல்லும். இதில் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. கதை போகும் வரை போவார்கள்.

ஊரடங்கின்போது தரணீதரன் இதைக் கணினியில் தமிழில் ஆடுவதற்கு ஒரு கருவி செய்தார். பகடைக்கூடம் என்று பெயர் வைத்தார். திரையில் ஒரு மேசை, ஐந்து நாற்காலி, ஒரு வரைபடம், பகடை. யாராவது உள்ளே வந்தால் அவருடைய நாற்காலியில் விளக்கு எரியும். எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த காலம். இருநூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். சர்வர் வாடகைக்காக மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று வைத்தார்.

அவரே ஒரு மேசைக்குக் கதைசொல்லியாகவும் இருந்தார். முன்பின் பார்த்திராத நாலு பேர் அதில் ஆடினார்கள். கதை எளிமையானது. ராக்கையா என்ற வயதான வைத்தியர், சோணைமுத்து, ஆத்தப்பன் என்ற இரண்டு பங்காளிகள், உப்பு விற்கும் குப்பாயி. இந்த நால்வரும் சீர்த்தட்டோடு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். கல்யாண ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். வழியில் அவர்களுக்கு எல்லாம் நடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஞாயிறுதோறும் நடந்தது. கடைசியில் ஆற்றங்கரைக்கு வந்து படகுக்காரனைக் கூப்பிட்டார்கள்.

“கூலி என்ன கேப்பான்னு அடுத்த ஞாயிறு பாக்கலாமுங்க” என்று சொல்லித் தரணீதரன் ஆட்டத்தை முடித்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கம்பெனிகள் திறந்து ஆர்டர் குவிந்த நேரம், வேலை அதிகம் என்று அவரே நம்பினார். ஆடியவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். வெளிநாட்டுக் கருவிகள் இலவசமாகவே எல்லாம் கொடுத்தன. இருநூறு, அறுபதாகி, பதினொன்றாகி, ஒன்றில் நின்றது.

அந்த ஒன்று, குப்பாயி.

4

குப்பாயி என்பது ஆட்டத்தில் பெயர். நிஜப் பெயரைப் பார்க்கத் தரணீதரனால் முடியும், கருவி அவருடையது. பார்க்கவில்லை. மேசையைத் திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்றும் பார்க்கவில்லை. அது அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போல என்றார். அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஞாயிறு நான்கு மணிக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலியில் விளக்கு எரியும். ஐந்து மணிக்கு அணையும். நாலு வருடமாக இப்படி.

அதற்காகத்தான் மூன்றரைக்குக் கிளம்பி வந்தார். மாடியறையில் உட்கார்ந்து, அந்த விளக்கு எரிந்து அணைவதை ஒரு மணி நேரம் பார்ப்பார். உள்ளே போகமாட்டார்.

“போயி என்னன்னு சொல்றதுங்க” என்றார் என்னிடம்.

சர்வருக்கு அவர் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். மூடிவிடலாம் என்று தோன்றியது. மூடுகிறேன் என்று ஒருவரிடம் சொல்ல வாய் வரவில்லை. விலையை ஐந்து மடங்காக ஏற்றினால் அவராகவே போய்விடுவார், யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டாம். அப்படித்தான் அந்தக் கடிதம்.

சந்தா மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும், ஆனால் தொகை மாறினால் வங்கி மறுபடியும் ஒப்புதல் கேட்கும். மறந்துபோய் யாரும் கட்டிவிட முடியாது. ஏழாம் தேதி ஒப்புதல் வந்தது. ஒரு வார்த்தை கேள்வி இல்லை, புகார் இல்லை. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.

தரணீதரன் அச்சகத்துக்கு வந்தார். முகத்தில் சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை.

“அண்ணா, கட்டிட்டாங்க.”

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ‘பழைய விலைக்கே விட்டுருங்க’ என்று சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொன்னதாகவே எழுதியிருந்தேன், போன வாரம் வரை. நிஜத்தில் நான் சொன்னது இது:

“இன்னொரு தடவை ஏத்திப் பாருங்க. ஆயிரத்தி ஐநூறு.”

“எதுக்குங்க?”

“என்ன செய்யறாங்கன்னு பாக்கலாம்.”

எனக்கு அதில் ஒரு கதை இருப்பது தெரிந்துவிட்டது. முகம் தெரியாத ஒருவர் எவ்வளவு வரை கட்டுவார் என்று பார்க்கும் ஆசை. தரணீதரன் என்னை ஏதோ விவரமான ஆள் என்று நம்பியிருந்தார். இரண்டாவது கடிதத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று அதில் ஒரு தொடர் வரும். தவிர்க்க இயன்ற ஒரே காரணம் நான்.

5

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் குப்பாயியை எழுதிப் பார்த்தேன். மூன்று பேரை எழுதி மூன்று பேரையும் கோடு போட்டு அடித்தேன்.

படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெண். [அழவைக்கச் சுலபமான வழி. அடி.]

மகன் ஆடிய மேசையை அவன் போன பிறகும் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு தாய். [மேலே சொன்னதேதான். அடி.]

குப்பாயி என்று யாருமே இல்லை, பழுதான ஏதோ ஒரு நிரல் ஞாயிறுதோறும் தானாக நுழைந்து—[இது கெட்டிக்காரத்தனம். தரணீதரனிடம் சொல்லியிருந்தால் உடைந்துபோயிருப்பார்.]

அடுத்த மாதம் ஆறாம் தேதி மின்னஞ்சல் வந்தது. தரணீதரன் கைபேசியில் எனக்குக் காட்டினார். அவர் சம்மதத்தோடும், பின்னால் அவர் மூலம் அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பெற்ற சம்மதத்தோடும், பெயர்களை மாற்றி இங்கே தருகிறேன்.

“ஐயா, வணக்கமுங்க. ஆயிரத்து ஐநூறு ரூபா என்னால முடியாதுங்க. இந்த ஒரு மாசம் மட்டும் போன மாச வெலைக்கு விட்டீங்கன்னா நல்லாருக்கும். தள்ளுபடி கேக்கறேன்னு நெனைக்காதீங்க. அவங்க மூணு பேரும் இன்னும் ஆத்துக்கு இக்கட்டயேதான் இருக்காங்க. பாதியில உட்டுட்டுப் போக மனசு வரலீங்க. ராக்கையா போன மாசி மாசம் தவறிட்டாருங்க. காய்ச்சலு. பகடை அப்படி உழுந்துருச்சு. உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தேன், எங்க சொல்றதுன்னு தெரியலீங்க. வேணும்னா மேசையத் தொறந்து பாருங்க, எல்லாம் எழுதி வெச்சிருக்கறனுங்க. கிருத்திகா, குப்பாயியா ஆடறவ.”

அதைப் படித்துவிட்டு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தரணீதரன் கைபேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

6

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டாவது விலையேற்றத்தை நிறுத்திவிட்டு, மாடியறையில் உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை, நாலு வருடத்து ஞாயிறுகளைப் படித்தார்.

படகுக்காரன் கதைசொல்லியின் பாத்திரம். அவனுக்காகப் பேச மற்றவர்களுக்கு உரிமை இல்லை. அது ஆட்டத்தின் விதி. கிருத்திகா அந்த விதியை ஒரு தடவைகூட மீறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முதல் வரி ஒன்றேதான்: ‘குப்பாயி ஆத்தைப் பாத்துக் கூப்பிடறா. பதில் இல்லை.’ பிறகு விறகு கிடைத்ததா, மீன் கிடைத்ததா, யாருக்கு உடம்பு சரியில்லை என்று நால்வருக்கும் பகடை உருட்டுவாள். மற்ற மூன்று பேரையும் ஆடியவர்கள் போய் வருடக்கணக்காகிவிட்டது. அவர்கள் விட்டுப்போன பாத்திரங்களையும் சேர்த்துப் பிழைக்க வைத்திருந்தாள்.

பகடையை ஏமாற்றவில்லை. ராக்கையாவின் காய்ச்சலுக்கு மூன்று வாரம் உருட்டியிருந்தாள். மூன்றாவது வாரம் பகடையில் ஆகக் குறைந்த எண்ணான ஒன்று விழுந்தது. இன்னொரு தடவை உருட்டியிருக்கலாம். பார்க்க யாரும் இல்லை. அடுத்த வரியில், சோணைமுத்துவும் ஆத்தப்பனும் குழி வெட்டினார்கள் என்று இருந்தது.

பகடைக்குப் பிறகு, தீ மூட்டி உட்கார்ந்து அவர்கள் பேசிக்கொள்வதாகச் சில வரிகள். குப்பாயி பேசுவாள்.

‘இன்னிக்குப் போன எடத்துல டீ குடுத்தாங்க சோணைமுத்தண்ணா. வாங்கக் கூடாது. தண்ணியும் நானே கொண்டு போறதுதான்.’

‘நூத்தி இருவத்தஞ்சு பீஸு அளந்தேன். ஏழு சரியில்ல. அந்த சூப்பர்வைசர் என்னைய ஒரு பார்வை பாத்தாரு, ஆத்தப்பண்ணா.’

‘இந்த வாரம் ஆறு கம்பெனி. வேலைப் பேச்சு தவிர யாருகூடவும் ஒண்ணும் பேசல.’

தரணீதரனுக்குப் புரிந்தது. அவள் தர ஆய்வாளர். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் சார்பில் கம்பெனி கம்பெனியாகப் போய், அடுக்கி வைத்த பெட்டிகளில் எண் குலுக்கி எடுத்து, அந்தப் பெட்டிகளை மட்டும் திறந்து அளந்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதித் தருகிற வேலை. யாரோடும் ஒட்டக் கூடாது என்பதே அந்த வேலையின் முதல் விதி. அவள் எழுதும் ஒரு வார்த்தையில் கம்பெனியின் சரக்கு நின்றுவிடும் என்பதால், போகிற இடமெல்லாம் மரியாதை உண்டு, நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. பக்கத்தில் உட்கார யாரும் வரமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களைத் தரணீதரன் பேக்கிங் ஹாலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். டேப்பும் கையுமாக ஓரத்து மேசையில் தனியாக.

[இவர்கள் இருவரும் ஏதாவதொரு கம்பெனியில் ஒரே ஹாலில் இருந்திருக்கலாம். அவர் போட்ட பார்கோடை அவள் ஸ்கேன் செய்திருக்கலாம். வாசகர் இங்கே எதிர்பார்ப்பது எனக்குத் தெரிகிறது. ஒரு பத்தி எழுதினேன், ‘அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர்—’ என்பது வரை. அப்படி எதுவும் நடக்கவில்லை.]

7

ஞாயிற்றுக்கிழமை அவர் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. நான்கு மணிக்கு மேசையைத் திறந்தார். ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போனார். கதைசொல்லியின் நாற்காலியில், நாலு வருடத்துக்குப் பிறகு, விளக்கு எரிந்தது.

அவள்தான் முதலில் எழுதினாள்.

“வாங்க.”

அவர் யோசித்து வைத்திருந்த மன்னிப்பை எல்லாம் அடித்து அழித்தார்.

“வேலைனால வராம இருக்கலீங்க. ஆத்துக்கு அக்கட்ட என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியலீங்க. ஒண்ணும் யோசிச்சு வெக்கல. அதான் ஓடிப்போயிட்டேன்.”

அவள் தட்டச்சு செய்வதாகத் திரையில் மூன்று புள்ளி வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது.

“அதைச் சொல்லியிருக்கலாமுங்க.”

“ஆமாங்க.”

“நாங்க அக்கட்ட என்னமோ பெருசா இருக்குதுன்னு இருந்துட்டோம்.”

‘நாங்க’ என்பதை அவர் இரண்டு தடவை படித்தார்.

“அப்படின்னா நான் சொல்லட்டுங்களா?” என்று கேட்டாள்.

“சொல்லுங்க.”

“நீங்க படகுக்காரரா மட்டும் இருங்க. நாங்க கூப்பிடறோம். கூலி எவ்வளவுங்க?”

“கூலி ஒண்ணும் வேண்டாமுங்க. ஏறிக்குங்க.”

“ஆட்டத்துல சும்மா இல்லீங்க. ஒரு வெலை சொல்லுங்க.”

ஒரே மாதத்தில் விலையை இரண்டு தடவை ஏற்றியவருக்கு அப்போது ஒரு விலையும் வாயில் வரவில்லை. அவளே சொன்னாள், “பகடை உருட்டுங்க, அது சொல்றதக் குடுத்தர்றோம்.” உருட்டினார். இரண்டு. குப்பாயி இரண்டு படி உப்பை அளந்து படகில் வைத்தாள். மூவரும் ஏறினார்கள்.

பிறகு அவள் சொன்னாள், அவர் படித்துக்கொண்டிருந்தார். ஆறு அகலமே இல்லை. கால் மணி நேரத்தில் அக்கரை வந்துவிட்டது. கல்யாணம் நடந்து நாலு வருடம் ஆகிவிட்டிருந்தது. பந்தல் போட்ட இடத்தில் மாடு கட்டியிருந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்கு மூன்று வயதில் ஒரு பிள்ளை. சீர்த்தட்டில் இருந்த தேங்காய் எப்போதோ அழுகிப்போய்விட்டது, துணி மட்டும் நன்றாக இருந்தது. அந்தத் துணியைப் பிள்ளைக்குச் சுற்றிப் பார்த்தார்கள்.

“இத்தன நாளா எங்க போனீங்கன்னு யாரும் கேக்கலீங்க” என்று எழுதினாள். “சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டாங்க.”

தரணீதரன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். [இதை அவர் சொன்னபோது ‘தண்ணி’ என்றுதான் சொன்னார். வேறெதுவும் நான் சேர்க்கவில்லை.]

திரும்பி வந்தபோது திரையில் இருந்தது: “முடிஞ்சுதுங்க.”

‘அடுத்த ஞாயிறு’ என்று எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டு, “நல்லா இருந்துதுங்க” என்று மட்டும் எழுதினார்.

“பொழுதாச்சுங்க. வர்றனுங்க.”

விளக்கு அணைந்தது. எங்கள் பக்கம் போகிறவர்கள் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார்கள். தரணீதரனுக்கு அது தெரியாததல்ல. இருந்தாலும் அன்று சாயங்காலம் அவர் அதை ‘வருவேன்’ என்றே எடுத்துக்கொண்டார். சந்தாவைப் பழையபடி தொண்ணூற்றொன்பதுக்கு இறக்கினார். மனதுக்குள் ஒரு புதுக் கதைக்கு இடம்கூடப் பார்த்து வைத்தார், ஒரு மலையடிவாரம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அறிவிப்பு வந்தது. குப்பாயி சந்தாவை ரத்து செய்திருந்தாள்.

8

ரத்து செய்கிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. பகடைக்கூடம் ஆரம்பித்த வருடம் தரணீதரனே எழுதியது. ‘நீங்கள் விலகக் காரணம் என்ன?’ என்று கேட்டு, விலை அதிகம், நேரமில்லை, வேறு கருவிக்கு மாறுகிறேன், பிற என்று நாலு காரணம் கொடுத்திருக்கும். அவள் விலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ‘பிற’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அப்படிச் செய்தால் கீழே ஒரு பெட்டி திறக்கும். நூற்றிருபது எழுத்து வரை எழுதலாம்.

செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்கு வந்து இவ்வளவையும் நின்றபடியே சொன்னார். நான் உட்காரச் சொன்னது அவர் காதில் விழவில்லை.

“பெட்டியில என்ன எழுதியிருந்தாங்க?” என்று கேட்டேன்.

“எழுதியிருந்தாங்க.”

“என்னன்னு?”

சட்டைப் பையிலிருந்து குறிப்புநோட்டை எடுத்தார்.

“கதைக்கு வேணும், தரணி. அது இல்லாம முடியாது.”

“அது எனக்கு வந்ததுங்ணா” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பெருமாநல்லூர் ஆர்டர் ஒன்றுக்கு ஸ்டிக்கர் அளவு கேட்டார். நாலுக்கு ஆறு என்றேன். குறித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

பகடைக்கூடம் இன்னும் ஓடுகிறது. சந்தாதாரர் என்று யாரும் இல்லை. நானே ஒரு சந்தா கட்டி உள்ளே போவதாக ஒரு முடிவு எழுதினேன். கிருத்திகா மலையடிவாரத்துக்கு வருவதாக இன்னொன்று எழுதினேன். இரண்டையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்னென்னவோ வாக்கியங்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாமே என்னுடைய வாக்கியங்களாக இருந்தன. ஏற்கெனவே அவளுக்கு நான் இரண்டு கடிதம் எழுதியாகிவிட்டது, வேறொருவர் பெயரில். அவள் பெயரில் மூன்றாவதாக ஒன்று எழுதமாட்டேன்.

பெட்டியை அப்படியே இங்கே வைத்துவிட்டுப் போகிறேன்.

[                                                  ]

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்லவேண்டாம்.